மின்னேற்றும் டோர்ச் லைட்டைத் தெரிந்தெடுத்தல்
நெல், மரக்கறிக் கமக்காரருக்கான ஆலோசனை

முன்னுரை

கமக்காரர் கைக்கொள்ளும் கருவிகளுள் மண்வெட்டிக்கும் கத்திக்கும் அடுத்த இடத்தில் வைக்கத்தக்கது டோர்ச் லைட் ஆகும். அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடைப் பகுதிகளில் மரக்கறி செய்வோர் விடியுமுன்னரே போஞ்சி, கரட், லீக்ஸ், கோவா முதலியவற்றை மூடை கட்டிக் கெப்பட்டிப்பொலப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு அனுப்ப வேண்டியவராயிருக்கின்றனர். ஹல்துமுல்லைச் சரிவுகளிலும் மகியங்கனைச் சமவெளியிலும் நெல் செய்வோர் இரவில் மடை திறத்தல், வரம்பு பார்த்தல், காட்டுப்பன்றிக்குக் காவல் இருத்தல் ஆகியவற்றைச் செய்கின்றனர். தோட்ட லயங்களில் வாழ்ந்துகொண்டு வீட்டின் பின்புறத்தில் மரக்கறி செய்வோருக்கும் இருட்டில் படியிறங்கிச் செல்லுந் தேவை நாள்தோறும் உண்டு.

இவ்வளவு பயன்படும் பொருளாயிருந்தும், இதனை வாங்கும்போது நாம் விதை வாங்கும்போது காட்டும் கவனத்திற் பத்தில் ஒரு பங்குதானும் காட்டுவதில்லை. கடைக்காரர் சுவரில் அடித்துக் காட்டும் வெளிச்சத்தைக் கண்டு வாங்கிவிடுகின்றோம். அந்த வெளிச்சம் எத்தனை மணி நேரம் நிற்கும், எத்தனை மாதம் நிலைக்கும் என்று கேட்பதில்லை. ஆறு மாதத்தில் அது மங்கியதும் இன்னொன்று வாங்குகின்றோம். இவ்வாறு இரண்டு மூன்று ஆண்டுகளிற் செலவாகும் பணத்தைக் கூட்டிப் பார்த்தால், நல்ல டோர்ச் ஒன்றின் விலையை அது தாண்டியிருக்கும். குறைந்த செலவில் நீண்டகாலம் உழைக்கும் டோர்ச்சைத் தெரிந்தெடுக்கும் வழி இத்துண்டுப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றது.

குப்பி விளக்கிலிருந்து டோர்ச் வரை

நமது மலையகத்தில் நெடுங்காலம் குப்பி விளக்கே ஏழை வீடுகளுக்கு ஒளி தந்தது. சரிந்து விழுந்தால் மண்ணெண்ணெய் சிந்தித் தீப்பற்றும் இவ்விளக்கினால் எரிகாயம் அடைந்தோர் பலர். அவர்களுக்குச் சிகிச்சை செய்த இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையானதும் பாரமானதும் உருளாத தட்டைப் பக்கங்களை உடையதும் திருகுமூடி கொண்டதுமான பாதுகாப்பான குப்பி விளக்கொன்றை அமைத்தார். அதற்காக 1998 ஆம் ஆண்டில் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விழுந்தாலும் உருளாமை, சிந்தாமை என்னும் அவ்விரு குணங்களையும் டோர்ச் வாங்குவோரும் மனத்திற் கொள்ளலாம். மலைச்சரிவிற் கைநழுவிய உருண்டை டோர்ச் பள்ளத்திற் போய்விடும். ஆறு பட்டையுடையது அல்லது பக்கம் தட்டையானது விழுந்த இடத்திற்கு அருகிற் கிடக்கும்.

2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தபோது, குப்பி விளக்கு மலிவானது என்ற எண்ணமும் பொய்த்தது. மின்னேற்றும் டோர்ச்சுக்கு வேண்டிய மின்சாரமோ மிகச் சொற்பம். நடுத்தர டோர்ச் ஒன்றை ஏறத்தாழ நூறு முறை முற்றாக மின்னேற்றுவதற்கு ஓர் அலகு மின்சாரம் போதுமானது. ஆகவே செலவு மின்சாரத்திற் கிடக்கவில்லை. டோர்ச்சை வாங்கும் விலையிலும் அதன் மின்கலத்தின் ஆயுளிலுமே கிடக்கின்றது.

எவ்வேலைக்கு எவ்வளவு வெளிச்சம்

டோர்ச்சின் ஒளி லூமன் என்னும் அளவாற் குறிக்கப்படும். மெழுகுதிரி ஒன்று ஏறத்தாழ 12 லூமன் ஒளி தரும். இதனை அடிப்படையாகக் கொண்டு உங்கள் தேவையைக் கணித்துக்கொள்ளுங்கள்.

1. வீட்டினுள்ளும் லயத்துப் படியிலும் வாசலிலும் நடமாட 20 முதல் 50 லூமன் போதும்.
2. வரம்பு, ஒற்றையடிப் பாதை, மரக்கறிப் பாத்தி ஆகியவற்றில் நடக்க 100 முதல் 150 லூமன் வேண்டும்.
3. காவற் குடிலிலிருந்து வயலின் மறுகரையைப் பார்க்க 300 லூமனும் அதற்கு மேலும், ஒடுங்கிய ஒளிக்கற்றையும் வேண்டும்.

தூரம் இரு மடங்கானால், விழும் இடத்தில் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறையும். ஆகையால் 50 மீற்றருக்குப் போதிய டோர்ச்சைக் கொண்டு 100 மீற்றர் பார்க்க விரும்பினால் நான்கு மடங்கு ஒளி வேண்டும். மின்கலமும் நான்கு மடங்கு விரைவாக இறங்கும். இதனாலேயே எல்லா வேலைக்கும் பெரிய ஒளியை நாடுவது வீண் செலவாகின்றது. மங்கல், நடுத்தரம், பிரகாசம் என மூன்று நிலைகளுள்ள டோர்ச்சை வாங்கி, பெரும்பாலும் நடுத்தர நிலையிற் பயன்படுத்துவதே சிறந்தது.

ஒளிக்கற்றையின் வடிவத்தையும் கவனிக்கவும். நடுவிற் கூர்மையான புள்ளி மட்டும் விழுந்து சுற்றுப்புறம் இருட்டாயிருக்கும் டோர்ச் காவலுக்கு உதவும், நடக்க உதவாது. நடப்பவருக்குக் காலடியிலும் இருபுறத்திலும் ஒளி பரவ வேண்டும். கண்ணாடியை முன்னும் பின்னும் இழுத்து ஒளியைக் குவிக்கும் வகை பார்வைக்கு அழகானதாயினும், இழுக்கும் இடைவெளியால் மழைநீரும் சேறும் உட்புக இடமுண்டு.

இரு கைகளாலும் செய்யும் வேலைகளுக்கு, அதாவது மூடை கட்டல், பால் கறத்தல், மடைப்பலகை தூக்கல் போன்றவற்றுக்குத் தலையிற் கட்டும் டோர்ச் ஏற்றது. குடும்பத்தில் இருவர் இருட்டில் வேலை செய்வதாயின், ஒரு பெரிய டோர்ச்சிலும் பார்க்க ஒரு கைடோர்ச்சும் ஒரு தலைடோர்ச்சும் வாங்குதல் பயன் தரும்.

கைத்தொலைபேசியில் விளக்கு இருக்கின்றதே என்று சிலர் எண்ணலாம். அவ்விளக்கு அண்மையிலுள்ளதைப் பார்க்கவே போதும். அன்றியும், ஆபத்து வேளையில் 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டிய கருவியின் மின்னேற்றத்தை வழிநடைக்குச் செலவிடுவது விவேகமன்று.

பாம்பும் இருளும்

இலங்கையில் 2012, 2013 ஆம் ஆண்டுகளில் வீடுவீடாக நடத்தப்பட்ட ஆய்வொன்றின்படி, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகின்றனர். அவர்களுள் ஏறத்தாழ 30,000 பேருக்கு விஷம் ஏறுகின்றது. 400 பேருக்கு மேல் மரணமடைகின்றனர். இந்நாட்டில் மிகுதியாகக் கடிக்கும் விஷப்பாம்புகளுள் ஒன்று, மூக்கு நுனி மேல்நோக்கியிருக்கும் சிறு விரியன். கோப்பி விரியன் என்றும் சிங்களத்திற் குணகட்டுவா என்றும் வழங்கும் இது, உதிர்ந்த இலைகளின் நிறத்தோடு ஒத்திருப்பதால் மங்கல் ஒளியிற் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. நெல் வயல்களிற் கண்ணாடி விரியனும் உண்டு.

ஆகவே இரவில் நடக்கும்போது ஒளியைத் தூரத்திற் செலுத்தாமல் இரண்டு மூன்று அடி முன்னால் நிலத்திற் படும்படி பிடிக்கவும். கல்லையோ மூடையையோ தூக்குமுன் அதன் அடியிலும் பக்கத்திலும் ஒளி காட்டிப் பார்க்கவும். காலுக்கு பூட்ஸ் அணியவும். பாம்பு கடித்துவிட்டால் கடிவாயை வெட்டுதல், இறுக்கிக் கட்டுதல், உறிஞ்சுதல் ஆகியவற்றைச் செய்யாது, கடியுண்ட உறுப்பை அசையாமல் வைத்து, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவும்.

காட்டுப்பன்றியைத் தடுக்க வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் இணைப்பது சட்டவிரோதமானது. மனித உயிரையும் கொல்வது. இருட்டில் பிறர் காணியின் ஓரமாகச் செல்லும்போது கம்பி ஏதும் இழுக்கப்பட்டிருக்கின்றதா என்று முதலில் ஒளி காட்டிப் பார்க்கவும்.

பனிமூட்டத்தில் டோர்ச் பிடிக்கும் முறை

அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், இருபுறமும் காற்று மோதும் மலைக்கணவாயில் அமைந்திருக்கின்றது. இங்கு மூட்டம் இறங்கிய இரவுகளில் அதிகப் பிரகாசமான டோர்ச் நன்மைக்குப் பதிலாகத் தீமை செய்யும். நுண்ணிய நீர்த்துளிகளிற் பட்ட ஒளி திரும்பிக் கண்ணில் விழுந்து, எதிரே வெள்ளைச் சுவர் நிற்பதுபோலத் தோன்றும். இதற்குச் செய்ய வேண்டியவை இரண்டு: ஒளியை நடுத்தர நிலைக்குக் குறைத்தல்; டோர்ச்சைக் கண்மட்டத்திற் பிடியாது இடுப்புக்குக் கீழே பிடித்து நிலத்தை நோக்கிச் செலுத்துதல். தலையிற் கட்டும் டோர்ச்சின் ஒளி கண்ணுக்கு மிக அருகிலிருந்து புறப்படுவதால், மூட்டத்தில் அது மிகவும் கூசும். அவ்வேளையில் அதனைக் கழற்றிக் கையிற் பிடித்துக்கொள்ளவும்.

மின்கலத்தின் வகைகள்

டோர்ச்சின் உயிர் அதன் மின்கலமே. நமது கடைகளிற் கிடைக்கும் மின்னேற்றும் டோர்ச்சுகளில் மூன்று வகைக் கலங்கள் உள்ளன.

ஈய அமிலக் கலம்: கைப்பிடியுள்ள பெரிய மலிவான டோர்ச்சுகளில் இது இருக்கும். பெரும்பாலும் 4 வோல்ற்று. பாரமானது. முற்றாக இறங்கிய நிலையில் விட்டுவைத்தால் இதன் தகடுகளில் உப்புப் படிந்து, மீண்டும் மின்னேற்றத்தை ஏற்காமற் போகும். இவ்வகை டோர்ச்சுகள் சில மாதங்களிற் பழுதாவதற்கு முக்கிய காரணம் இதுவே. பயன்படுத்திய அன்றே மின்னேற்றுவோரும், பயன்படாத காலத்தில் மாதம் ஒருமுறை மின்னேற்றுவோரும் மட்டுமே இதனை வாங்கலாம்.

நிக்கல் கலம்: சாதாரண பென்டோர்ச் பற்றரியின் அளவும் வடிவமும் உடையது; ஒவ்வொன்றும் 1.2 வோல்ற்று. நூற்றுக்கணக்கான முறை மின்னேற்றலாம். மின்சாரம் நாட்கணக்காக இல்லாத வேளையில் கடையிற் கிடைக்கும் சாதாரண பற்றரியை இட்டும் எரிக்கலாம் என்பது இதன் தனிச் சிறப்பு. சாதாரண பற்றரியை மின்னேற்றியில் இடுதல் கூடாது. அது கசியவும் வெடிக்கவும் கூடும்.

லிதியம் கலம்: 3.7 வோல்ற்று. பாரம் குறைவு, கொள்ளளவு அதிகம். பொதுவாக 300 முதல் 500 முறை மின்னேற்றிய பின்னரே இதன் கொள்ளளவு குறிப்பிடத்தக்க அளவு குறையும். 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உள்ள உருளைக் கலம் 18650 என்ற இலக்கத்தால் எங்கும் விற்கப்படுவதால், பழையதைக் கழற்றிப் புதியதை இடுதல் எளிது. நாள்தோறும் பயன்படுத்தும் கமக்காரருக்கு, கழற்றி மாற்றத்தக்க 18650 லிதியம் கலமுள்ள டோர்ச்சே மூன்றினுள்ளும் சிக்கனமானது.

கொள்ளளவுக் கணக்கு

கலத்தின் கொள்ளளவு மில்லி அம்பியர் மணி என்னும் அளவில் அதன் மேல் எழுதப்பட்டிருக்கும். 2,000 மில்லி அம்பியர் மணி கொண்ட லிதியம் கலத்தை எடுத்துக்கொள்வோம். 2 அம்பியர் மணியை 3.7 வோல்ற்றாற் பெருக்க, 7.4 வாற்று மணி வரும். இக்கால எல்.ஈ.டி. குமிழ் ஒரு வாற்றுக்கு ஏறத்தாழ 100 லூமன் தரும். ஆகவே 100 லூமனில் எரித்தால் ஆறு முதல் ஏழு மணி நேரமும், 300 லூமனில் எரித்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலும் ஒளி நிற்கும். 4 வோல்ற்று, 900 மில்லி அம்பியர் மணி ஈய அமிலக் கலமாயின் 3.6 வாற்று மணியே உண்டு. 100 லூமனுக்கு மூன்று மணி நேரம் மாத்திரமே.

இக்கணக்கைக் கொண்டு பொய் விளம்பரத்தையும் கண்டுகொள்ளலாம். ஒற்றை 18650 கலமுள்ள சிறு டோர்ச்சின் பெட்டியில், மிகப் பிரகாசமான நிலையில் பல ஆயிரம் லூமன் ஒளி பத்து மணி நேரம் நிற்கும் என்று எழுதியிருந்தால் அது நடவாத காரியம்.

கலத்தின் மேல் எழுதிய இலக்கத்தையும் அப்படியே நம்புதல் கூடாது. சந்தையிலுள்ள நல்ல 18650 கலங்கள் பெரும்பாலும் 2,000 முதல் 3,500 மில்லி அம்பியர் மணி வரை கொண்டவை. அதே அளவுள்ள கலத்தில் 9,000 அல்லது 10,000 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். (21700 என்ற இலக்கமுடைய சற்றுப் பெரிய கலம் 4,000 முதல் 5,000 வரை கொள்ளும்; அது வேறு.) மரக்கறி நிறுக்கும் மின்தராசு உங்களிடம் இருக்குமாயின் கலத்தை அதில் வைத்துப் பாருங்கள். நல்ல 18650 கலம் 45 முதல் 50 கிராம் வரை நிறுக்கும். 30 கிராமளவே நிறுப்பதை வாங்காதீர்கள்.

மின்னேற்றும் முறைகள்

சுவர்ச் செருகி: டோர்ச்சின் பின்புறத்திலேயே இரண்டு தட்டை முள் மடக்கியிருக்கும் வகை. மலிவுக்காக இவற்றுட் பல, மின்மாற்றியின்றி 230 வோல்ற்றை நேரே உள்ளே எடுக்கின்றன. மின்னேறும்போது டோர்ச்சின் உலோகப் பகுதியைத் தொடுதல், ஈரக் கையாற் பிடித்தல், எரித்துப் பார்த்தல் ஆகியவை உயிராபத்தைத் தரும். இந்த இரு முள் நமது மூன்று சதுரத் துளைச் செருகியிற் பொருந்தாது என்பதற்காக, மேல் துளையிற் குச்சியையோ பேனையையோ செருகித் திறப்பது நம்மிடையே உள்ள ஒரு கெட்ட பழக்கம். தகுந்த மாற்றுச் செருகியை மாத்திரம் பயன்படுத்தவும்.

தொலைபேசி மின்னேற்றி: டைப் சி துளை உடைய டோர்ச்சை வீட்டிலுள்ள தொலைபேசி மின்னேற்றியாலேயே மின்னேற்றலாம். இதில் உள்ளே செல்வது 5 வோல்ற்று என்பதால் டோர்ச்சைத் தொடுவதில் ஆபத்தில்லை. லொறியிலும், சிறிய சூரியத் தகட்டிலும், பவர் பாங்கிலும் இதனைப் பொருத்தலாம். மலிவான சில டோர்ச்சுகள், இருமுனையும் டைப் சி ஆன வயரில் மின்னேறா. ஒரு முனை பழைய அகன்ற செருகியாயுள்ள வயரிலேயே மின்னேறும். உங்களிடமுள்ள வயரைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சோதித்து வாங்குதல் நன்று.

டோர்ச்சின் மேல் ஒட்டிய சூரியத் தகடு: உள்ளங்கையளவான தகடு நல்ல வெயிலில் 0.3 வாற்றளவே தருமாயின், நாலு மணி வெயிலுக்கு 1.2 வாற்று மணி கிடைக்கும். மேலே கூறிய கலத்தை நிரப்ப ஆறு நாள் செல்லும். மகியங்கனை வெயிலில் இது ஓரளவு துணையாகலாம். அப்புத்தளை மூட்டத்தில் இதனை நம்பி வாங்குதல் கூடாது.

கடையிற் சோதிக்க வேண்டியவை

1. பின்மூடியைத் திருகிக் கழற்றவும். கலம் தனியே வெளிவருகின்றதா எனப் பார்க்கவும். ஒட்டி மூடப்பட்டதாயின் கலம் பழுதாகும் நாளே டோர்ச்சின் கடைசி நாள்.
2. மூடியின் புரியில் இறப்பர் வளையம் உண்டா, மின்னேற்றும் துளைக்கு இறுக்கமான இறப்பர் மூடி உண்டா எனப் பார்க்கவும். பெட்டியில் ஐ.பி. எக்ஸ் 4 என்றிருந்தால் மழைச் சாரலைத் தாங்கும், ஐ.பி. 67 என்றிருந்தால் ஒரு மீற்றர் ஆழ நீரில் அரை மணி கிடந்தாலும் தாங்கும். வயலுக்கு இரண்டாவது விரும்பத்தக்கது.
3. ஆளியை ஈர விரலாலும் சேறுபட்ட கையாலும் அழுத்த முடியுமா எனப் பார்க்கவும். மிக மெல்லிய தொடுகைக்கே எரியும் ஆளி பைக்குள் தானே எரிந்து கலத்தை இறக்கிவிடும்.
4. மங்கல் நிலையிலும் ஒளி துடிக்காமல் நிற்கின்றதா எனப் பார்க்கவும்.
5. நீல நிறம் மிகுந்த ஒளியில் இலையின் மஞ்சளிப்பும் புள்ளியும் தெளிவாகத் தெரியா. ஒரு பச்சிலையின் மேல் ஒளியடித்து, நிறம் பகலிற் போலத் தோன்றுவதைத் தெரிந்தெடுக்கவும்.
6. பற்றுச்சீட்டும் உத்தரவாதப் பத்திரமும் கேட்டுப் பெறவும். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டு இன்றி முறைப்பாட்டை நிலைநாட்டுதல் கடினம்.

விலைக் கணக்கு

கணக்கின் முறையைக் காட்டுவதற்காக இரண்டு விலைகளைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாவது டோர்ச் 900 ரூபா. கலம் மாற்ற முடியாது. ஆறு மாதம் உழைக்கின்றது. அப்படியாயின் மாதத்துக்கு 150 ரூபா. இரண்டாவது 2,400 ரூபா. இடையில் 600 ரூபாவுக்கு ஒரு கலம் மாற்றி மூன்று ஆண்டு உழைக்கின்றது. மொத்தம் 3,000 ரூபா. 36 மாதத்தாற் பிரித்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 83 ரூபா. விலை உயர்ந்ததே இங்கு மலிவானதாகின்றது. உங்கள் ஊர்க் கடை விலைகளை இட்டு இவ்வாறே கணக்கிட்டுப் பாருங்கள். ஆயினும் இரண்டாவது டோர்ச்சின் கலத்தை மாற்ற முடியாவிடின் இக்கணக்கு நில்லாது. கலம் மாற்றத்தக்கதாயிருத்தல் என்னும் ஒன்றே முழுக் கணக்கையும் தாங்குகின்றது.

வீட்டிற் செய்யும் சோதனை

வாங்கிய வாரத்திலேயே டோர்ச்சை முற்றாக மின்னேற்றி, நடுத்தர நிலையில் எரியவிட்டு, பாதையில் நடக்கப் போதாதபடி மங்குவதற்கு எத்தனை மணி நேரம் சென்றது எனக் குறித்துக்கொள்ளவும். அந்த எண்ணையும் திகதியையும் டோர்ச்சின் மேல் அழியாத மையால் எழுதவும். ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும், அதாவது பெரும்போகத்துக்கு முன் ஒருமுறையும் சிறுபோகத்துக்கு முன் ஒருமுறையும், இதே சோதனையைச் செய்யவும். முதலில் ஆறு மணி நின்றது இப்போது மூன்று மணியே நிற்குமாயின் கலத்தை மாற்றும் காலம் வந்துவிட்டது. இருட்டில் நடுவழியில் அணைந்து அறிவிக்கும் வரை காத்திருத்தல் கூடாது.

பராமரிப்பு

கலம் முற்றாக இறங்கும் வரை எரிக்காமல், ஒளி மங்கத் தொடங்கியதும் மின்னேற்றவும். மெத்தையின் மேலும், தலையணைக்கு அடியிலும், அடுப்பங்கரையிலும், மண்ணெண்ணெய் அருகிலும் வைத்து மின்னேற்றுதல் கூடாது. சீமெந்துத் தரையில், கண்பார்வையில் வைக்கவும். நிரம்பியதும் கழற்றவும். லொறியின் முன்கண்ணாடி அருகே வெயிலில் விடாதீர்கள். மழையில் நனைந்த டோர்ச்சைத் துடைத்து, மின்னேற்றும் துளை நன்கு உலர்ந்த பின்னரே மின்னேற்றவும். வீங்கியதும், நசுங்கியதும், மேலுறை கிழிந்ததுமான லிதியம் கலத்தை ஒருபோதும் மின்னேற்றாதீர்கள், அது தீப்பற்றக்கூடும். பழைய மடிக்கணினிகளிலிருந்து கழற்றிப் புதிய உறை போட்ட கலங்களையும் தவிர்க்கவும்.

பழுதான கலங்களை அடுப்பில் எறிதலும், பாத்தியிற் புதைத்தலும், ஓடையில் வீசுதலும் கூடாது. ஈயம் மண்ணிலும் கிணற்று நீரிலும் கலந்தால் குழந்தைகளுக்குப் பெருங்கேடு விளைக்கும். அவற்றை முனைகளுக்கு நாடா ஒட்டி, உலர்ந்த பெட்டியிற் சேர்த்து, இலத்திரனியற் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்கவும்.

இரவிற் பீடை பார்த்தல்

நல்ல டோர்ச் ஒன்று பீடைநாசினிச் செலவையும் குறைக்கும். கோவா, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இளங்கன்றுகளை அடியோடு அறுக்கும் வெட்டுப்புழு பகலில் மண்ணுள் ஒளிந்திருந்து இரவில் வெளிவரும். நத்தைகளும் அவ்வாறே. காலையில் அறுபட்ட கன்றைக் கண்டு மருந்து தெளிப்பதிலும் பார்க்க, இருட்டி இரண்டு மணி நேரத்தின் பின் நடுத்தர ஒளியுடன் பாத்தி வழியே சென்று, கன்றின் அடியைப் பார்த்துப் புழுவைக் கையாற் பொறுக்கி அழித்தல் சிறந்தது. கன்று நட்ட முதல் இரண்டு வாரங்களில் இதனை ஒழுங்காகச் செய்யவும். எத்தனை பாத்தியில் எத்தனை புழு எனக் குறித்துக்கொண்டு உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டினால், மருந்து தேவையா என்பதை அவர் எளிதிற் கூறுவார்.

மழைக்கால ஆயத்தம்

பதுளை மாவட்டத்தார் மண்சரிவை மறக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லய வீடுகள் மண்ணுட் புதைந்தன. 2025 நொவெம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் பெருமழையால் இம்மாவட்டத்திற் பல இடங்களில் மண் சரிந்து, மின்சாரமும் பாதைகளும் துண்டிக்கப்பட்டன. இத்தகைய இரவிற் குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு வெளியேற வேண்டி நேரும்போது, கையிலுள்ள ஒரு டோர்ச் எரிகின்றதா இல்லையா என்பது சிறிய விடயமன்று.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படியாக விடுக்கின்றது. மஞ்சள் எச்சரிக்கை வந்தவுடனேயே, மின்சாரம் இருக்கும்போதே, வீட்டிலுள்ள எல்லா டோர்ச்சுகளையும் தொலைபேசிகளையும் நிரம்ப மின்னேற்றி வைக்கவும். செம்மஞ்சளுக்குப் புறப்பட ஆயத்தமாகவும். சிவப்புக்கு உடனே வெளியேறவும். நிலத்திற் புதிய வெடிப்பு, மரம் சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல் முதலிய அடையாளங்களைப் பகலிற் கவனித்து அறிவிக்கவும். டோர்ச் இருக்கின்றது என்ற துணிவில் இரவிற் சரிவைப் பார்க்கச் செல்லாதீர்கள். டோர்ச்சின் ஒளி வெளியேறும் வழிக்கே உரியது. வெளியேறும்போது முன்னே ஒருவரும் பின்னே ஒருவரும் ஒளி பிடித்து, நடுவிற் குழந்தைகளை விடவும். இதற்காகவேனும் வீட்டுக்கு இரண்டு டோர்ச் வேண்டும். அவற்றை எல்லாரும் அறிந்த ஒரே இடத்தில், கதவருகே தொங்கவிடவும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. வேலைக்குப் போதிய ஒளியை வாங்குங்கள். மிகையான ஒளி மின்கலத்தை வீணாக்கும்.
2. கழற்றி மாற்றத்தக்க கலமுள்ள டோர்ச்சையே வாங்குங்கள்.
3. கலத்தின் இலக்கத்தை நம்புமுன் நிறையைப் பாருங்கள்.
4. விலையை மாதக் கணக்காற் பிரித்துப் பாருங்கள்.
5. எரியும் நேரத்தை டோர்ச்சின் மேல் எழுதி, போகந்தோறும் சோதியுங்கள்.
6. மூட்டத்தில் ஒளியைக் குறைத்து இடுப்புக்குக் கீழே பிடியுங்கள்.
7. மழை எச்சரிக்கை வந்ததும் முதல் வேலையாக மின்னேற்றுங்கள்.

இரவிற் பீடை பார்த்தல் பற்றியும் பயிர்ப் பாதுகாப்புப் பற்றியும் மேலதிக விபரங்களை உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்துகொள்ளவும்.